மானேஜரின் கால் துடைத்த துணிகள்

சின்னச் சின்ன சுகங்களைப் பற்றி நாலு வருடம் எழுதினேன். ஒரு மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் எனக்கு. காலை நடை, கூட வரும் நாய், ரயில்வே கேட்டோரக் கடையின் முதல் டீ, இவைதான் அதில் இருக்கும். படித்ததும் மனசு லேசாகிவிட்டது என்று திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கடிதம் போடுவார்கள். அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். போன மாதம் அந்த டப்பாவைப் பரண்மேல் வீசினேன். கண்ணில் பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபத்தோடு எழுதாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும் என்கிறார் ஆசிரியர். ஆறவில்லை சார். ஆறும்வரை உட்கார்ந்திருந்தால் நான் மறுபடியும் பனியைப் பற்றித்தான் எழுதுவேன்.

என் பெயர் ஜோதிலட்சுமி. கும்மிடிப்பூண்டியில் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். என் கணவருக்கு அத்திப்பட்டில் மின்நிலைய வேலை. விடியற்காலை ரயிலைப் பிடிக்க அவர் கிளம்பியதும் நானும் என் நாய் மிளகும் தெருவில் இறங்குவோம். மிளகு மூக்கிலிருந்து வால்நுனிவரை கறுப்பு. இதை மறந்துவிடாதீர்கள், என் முட்டாள்தனத்துக்கு அதுதான் பாதிக் காரணம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், ஐந்தேகால் இருக்கும், கல்வெர்ட்டுப் பாலத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "யோவ் மானேஜர்! உக்காரு! உக்காருன்னா உக்காரணும், முறைச்சிக்கினு நிக்கக் கூடாது!" ஏதோ கம்பெனி வாசலில் தகராறு என்று நினைத்து ஒதுங்கினேன். கிட்டே போனால், ஒல்லியான ஒரு மனிதர், அவர் முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு தெருநாய் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க மேடம்," என்றார் அவர். "இருவத்தாறு வர்ஷம் மானேஜர் சொல்ல சொல்ல நான் உக்காந்தேன், எய்ந்தேன். இப்போ நான் சொல்றேன், மானேஜர் உக்கார்றான். இதாம்மா எனக்குப் பென்ஷனு."

அவர்தான் குணாளன். வயது ஐம்பத்து மூன்று. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். அப்பாவின் ஒரு படகு மூன்று மகன்களுக்குப் போதாது என்று ஆனபோது, கடைக்குட்டியான இவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இரும்பு உருக்கும் கம்பெனியில் சேர்ந்தார். உலை வாயில் நின்று பழைய இரும்பைத் தள்ளுவது, நீளக் கம்பியால் கிளறுவது, உருகியதை அச்சில் ஊற்றியதும் ஒவ்வொரு கட்டியிலும் எத்தனையாவது உருக்கு, என்ன தேதி என்று எழுதுவது. இருபத்தாறு வருடம் இதே வேலை. புருவம் பொசுங்கிப் பொசுங்கி, கடைசியில் வளர்வதையே விட்டுவிட்டது. அதனால் எதைச் சொன்னாலும் அவர் ஆச்சரியப்படுவதுபோலத் தெரியும். இருமல் வந்தது. ஓடும் ஆளாக இருந்தவரைக்கும் வைத்துக்கொண்டார்கள், இருமும் ஆளானதும் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது லாரி எடைமேடையில் மத்தியானத்திலிருந்து ராத்திரி பத்துவரை வாட்ச்மேன் வேலை.

சர்க்கரை இருக்கிறது, காலையில் நட என்று டாக்டர் சொன்னார். தனியாக நடக்க வெட்கமாக இருந்ததாம். நம் தெருவில் லுங்கி கட்டிய மனிதன் விடிகாலையில் சும்மா நடந்தால் எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள், நாயோடு நடந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் அந்த வெள்ளைக்குட்டி அவர் வீட்டுக்கு வந்தது.

எங்கள் பாதை ஒன்றும் பெரிதில்லை. கல்வெர்ட்டைத் தாண்டி, தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி ஒரு கிலோமீட்டர். அப்புறம் ரயில்வே கேட் டீக்கடை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அவர் வேலை பார்த்த கம்பெனியும் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதுவும் ரிஜிஸ்டர் தபாலில் என் ஆபீஸுக்கே வரும், நானே முத்திரை குத்தி நானே வாங்கிக்கொள்ள வேண்டும்.

டீக்கடையில் மிளகுக்கு ஒரு பொறை பிஸ்கட், மானேஜருக்கு ஒரு பொறை. மிளகு விழுங்கிவிடும். மானேஜர் அப்படியில்லை. பொறையைத் தரையில் போட்டு, ஒரு முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து கொறித்துத் தின்னும். சில நாள் வலது காலால் பிடிக்கும், சில நாள் இடது காலால். குணாளன் அண்ணன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அதையே பார்ப்பார். இடது கால் என்றால் முகமெல்லாம் பல்லாகிவிடும்.

"லெஃப்ட்டு! இன்னிக்கு ராத்திரி இருமல் இல்லாம தூங்குவேன் பாரு."

"வலது கால்னா?"

"வலதுன்னாலும் தூங்குவேன். ஆனா லெஃப்ட்டுன்னா ஒரு இது."

அந்த 'ஒரு இது'வைப் பற்றி நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த மனிதரின் ஒரு நாளில் அவருக்கென்று இருந்த நேரம் அந்த ஐம்பது நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் மாத்திரை, எடைமேடை, தூக்கம். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அதை அழகழகாக எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் எழுதியதுதான் பனிக் கட்டுரை. "விடியலுக்கு முன் எங்கள் ஊரில் இறங்கும் பனியை ஊட்டியில்கூட நான் பார்த்ததில்லை. தொழிற்பேட்டை விளக்குகள் அதற்குள் மஞ்சள் மஞ்சளாக மிதக்கும். மூச்சை இழுத்து விட்டால் உடம்பு புதிதாகிறது." நான் எழுதியதுதான். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இங்கே திரும்பப் போட்டிருக்கிறேன், எனக்கு இது வேண்டும்.

பத்திரிகையை அவரிடம் கொடுத்தேன். அவர் மனைவி புவனேஸ்வரி அக்கா படித்துக் காட்டினாராம். மூன்றாம் நாள் சுவரோரம் நடக்கும்போது அண்ணன் நின்றார்.

"ஏம்மா, பனின்னா ஈரமாத்தான இருக்கும்?"

"ஆமாண்ணா."

"தோ, இந்த எலயத் தொடு."

சுவர்மேல் படர்ந்திருந்த காட்டுக்கொடியின் இலையைத் தொட்டேன். ஈரமில்லை. விரலில் மாவுபோல ஏதோ ஒட்டியது. டீக்கடை விளக்குக்கு வந்ததும் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, திருப்பினால் லேசாக மினுங்கியது.

"இரும்பு," என்றார். "பனி இல்லம்மா அது. எங்க கம்பெனி புகை."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. உலைக்கு மேலே புகையை இழுத்து வடிகட்ட ஒரு பெரிய ஃபேன் இருக்கிறது. அதற்குக் கரண்டு நிறைய வேண்டும். அதனால் நள்ளிரவுக்கு மேல் நிறுத்திவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் மறுபடி போட்டுவிடுவார்கள். இருட்டில் போகிற புகையை யார் பார்க்கப் போகிறார்கள்? விடிந்ததும் மிச்சம் தரையோடு தங்கி நிற்கும். அதற்குப் பனி என்று பெயர் வைக்க என்னைப்போல் ஒரு எழுத்தாளர் கிடைத்தால் அவர்களுக்கு இன்னும் வசதி.

"உங்களுக்கு எப்படிண்ணா இவ்வளவு தெரியும்?"

அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "சுவிட்சை நிறுத்துனது யாருன்ற? நான்தான். நைட் ஷிஃப்ட்ல பதினோரு வர்ஷம். சூப்ரவைசர் தலய ஆட்டுவாரு, நான் போய் ஆஃப் பண்ணுவேன். அப்பல்லாம் இந்தப் புகை எங்க போவுதுன்னு நெனச்சதே இல்ல. இப்பத்தான் தெரியுது, எங்க தெருவுக்குத்தான் வந்துகினு இருந்திருக்குது."

ஆனி மாதம் அவருக்கு இருமல் முற்றியது. நடக்கச் சொன்ன அதே டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, விடிகாலையில் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார். இந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒரு வருடம், சுவாசிக்காவிட்டால் பல வருடம் என்கிற தோரணையில் பேசினார். வேறு நேரத்தில் நடக்கலாமே என்று கேட்பீர்கள். ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் கம்பெனி பஸ்ஸும் டிரெய்லர் லாரியும் முட்டிக்கொண்டு வரும், நாயும் நடக்க முடியாது, மனிதனும் நடக்க முடியாது. மத்தியானம் அவருக்கு வேலை. ஆக, ஒன்று அந்த ஃபேன் விடியும்வரை ஓட வேண்டும், இல்லையென்றால் அவர் நடையை விட வேண்டும். வேறு வழி கிடையாது.

"நான் கம்ப்ளெயின்ட் எய்தப் போறேன்," என்றார். அதுவரை யார்மேலும் புகார் சொன்ன ஆளில்லை அவர்.

வெறும் காகிதத்தில் எழுதினால் குப்பைக்குப் போகும், ஆதாரம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். என் போனில் வீடியோ எடுத்தோம். இருட்டும் நாலு விளக்கும் தெரிந்தன, மேலே வெள்ளையாக ஏதோ. அதைப் பார்த்தால் யாருமே பனி என்றுதான் சொல்வார்கள், நானே சொன்னேனே. அப்போதுதான் அண்ணன் மானேஜரின் கால்களைக் காட்டினார். வெள்ளை நாய், வெள்ளைக் கால். நடந்து திரும்பும்போது நாலு பாதமும் கணுவரைக்கும் கரி. என் நாய் கறுப்பு, அதனால் மூன்று வருடமாக எனக்குத் தெரியவே இல்லை.

கம்பெனியில் கை துடைக்க மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வாங்குவார்கள், திருப்பூரிலிருந்து வரும் வெட்டுத் துணி. கடையில் அதையே வாங்கி வந்தார். தினமும் நடை முடிந்ததும் ஒரு வெள்ளைத் துண்டால் மானேஜரின் காலைத் துடைத்து, மூலையில் அழியாத மையால் தேதி எழுதுவார். இரும்புக் கட்டியில் எழுதிய அதே கையெழுத்து, சாய்ந்த ஏழு, வாலில்லாத ஒன்பது. எழுதி ஒரு கோணிப்பையில் போடுவார். ஆடியில் தொடங்கி ஐப்பசிவரை, மழை பெய்த நாள் போக, நூற்றுப் பதினாலு துணி. சில நாள் சாம்பல் நிறம், சில நாள் தார்போல. எந்தெந்த நாளில் ஃபேன் ஓடவில்லை என்று அந்தப் பையைக் கவிழ்த்தாலே தெரியும். எந்த மெஷினும் இதைவிடச் சுத்தமாகச் சாட்சி சொல்லாது. டாக்டர் சொன்னதை மீறி, துணி சேர்வதற்காகவே அவர் அந்த நாலு மாதமும் நடந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தார். இதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாரை நான்தான் எழுதினேன். பதில் வர ஐந்து வாரம். இன்ன தேதி, காலை பதினொரு மணிக்கு அதிகாரி ஆய்வுக்கு வருவார், புகார்தாரர் வீட்டிலேயே விசாரணை நடக்கும் என்று ஒரு கடிதம். அதே கடிதத்தின் நகல் கம்பெனிக்கும் போயிருந்தது. திருடனைப் பிடிக்க எப்போது வருகிறோம் என்று திருடனுக்கும் தகவல். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே திட்டினேன், மணியார்டர் அனுப்ப வந்த ஒரு பெரியவர் பயந்துபோய் அடுத்த கவுன்ட்டருக்குப் போனார்.

"பரவால்ல வுடும்மா," என்றார் அண்ணன். "பதினோரு மணிக்கு ஃபேனு ஓடட்டும். நம்மகிட்டதான் துணி கீதே."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணன் வேலையிலிருந்த இருபத்தாறு வருடமும் கம்பெனிக்கு ஆடிட், இன்ஸ்பெக்ஷன் என்று வருடத்துக்கு நாலைந்து தடவை ஆள் வருவார்கள். முதல் நாளே எல்லாத் தொழிலாளிக்கும் உத்தரவு போகும்: நாளைக்கு யூனிஃபார்மைத் துவைத்துத் தேய்த்துப் போட்டு வரவேண்டும், ஒரு கறை இருந்தாலும் உள்ளே விடமாட்டோம். அன்று சாயங்காலம் புவனேஸ்வரி அக்கா துணி சோடாவைப் போட்டு, பெரிய அலுமினியக் குண்டானில் அந்த யூனிஃபார்மை வேகவைப்பார். அந்த இரும்புக் கரியை எடுக்க அவரைவிடத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. குண்டான் அடுப்பில் ஏறினாலே, கம்பெனிக்கு யாரோ வருகிறார்கள் என்று அக்கம்பக்கம் புரிந்துகொள்ளுமாம்.

ஆய்வுக்கு முதல் நாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கேட்டிருக்கிறார்: "நாளைக்கு ஊட்டுக்கே இன்ஸ்பெக்ஷனா?" அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணிப்பையைக் கூடத்தில் எடுத்து வைத்துவிட்டு, "இத்ததான் ஆபீசர் பாக்கப் போறாரு, பத்திரம்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் பெரிய கோலம். வீடு பினாயில் வாசனை. மானேஜரைக்கூடக் குளிப்பாட்டி, கழுத்தில் புதுக் கயிறு. அதிகாரி பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். முதலில் கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே டிபனும் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் காரிலேயே வந்து இறங்கினார். கூடவே தணிகைவேல் என்று ஒருவர், கம்பெனியின் ஹெச்.ஆர். ஆள். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு ஃபைல், வாய் நிறையச் சிரிப்பு.

"ஃபேன் நல்லா ஓடிட்டிருக்கு. புகை எதுவும் வெளியே இல்லை. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

"ராத்திரில ஓடாது சார். எங்கிட்ட ஆதாரம் கீது," என்றார் அண்ணன். "புவனா, அத்த எடுத்துகினு வா."

அக்கா எடுத்து வந்தார். கோணிப்பையில் இல்லை. சீர்வரிசை வைக்கும் பெரிய எவர்சில்வர் தட்டில். நூற்றுப் பதினாலு துணியும் வெளுத்து, சொட்டு நீலம் போட்டு, தேய்த்து, ஓரத்துக்கு ஓரம் மடித்து அடுக்கியிருந்தது. தட்டை அதிகாரி முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி ஓரமாக நின்றார்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் ஆச்சரியப்படுவதுபோல இருக்கும் அந்த முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அதிகாரி மேலே இருந்த துணியை எடுத்து விரித்தார். மூலையில் தேதி பளிச்சென்று இருந்தது. அழியாத மை, அதை மட்டும் சோடா ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்றை விரித்தார். அதிலும் தேதி.

"இது என்னங்க?"

"டெய்லி நாய்க் காலத் தொடச்ச துணி சார். கரி இருந்துது. இவ... தொவச்சிட்டா."

"தேதி இருக்கு, அழுக்கு இல்லையே," என்றார் அதிகாரி. அப்புறம் லேசாகச் சிரித்தபடி, "இதை வச்சுப் பாத்தா, இத்தனை நாளும் காத்து சுத்தமா இருந்ததுன்னுதானே நான் எழுதணும்?"

தணிகைவேல் சிரித்தார். அந்தச் சிரிப்பை என் காதிலிருந்து இன்னும் எடுக்க முடியவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "சார், நான் சாட்சி. மூணு வருஷமா தினமும் இந்த வழியாத்தான் நடக்கிறேன். அது புகைதான். விரல்ல தொட்டுப் பார்த்திருக்கேன்."

"ஐயோ, ஜோதிலட்சுமி மேடமா? உங்களைத் தெரியாமலா!" என்று தணிகைவேல் ஃபைலைத் திறந்தார். "சார், மேடம் பெரிய எழுத்தாளர். நான் அவங்க வாசகன். நம்ம ஊரைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க. எங்க ரிசப்ஷன்ல லேமினேட் பண்ணி மாட்டியிருக்கோம்." ஃபைலிலிருந்து என் பக்கத்தின் நகலை எடுத்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஊட்டியில்கூடப் பார்த்ததில்லை. மஞ்சள் மஞ்சளாக மிதக்கும். மூச்சை இழுத்து விட்டால் உடம்பு புதிதாகிறது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அப்ப பனி. இப்ப புகை. ரெண்டுல எதை எடுத்துக்கட்டும் மேடம்?"

தபால் ஆபீஸில் ஒரு நாளைக்கு ஐம்பது பேருடன் சண்டை போடுகிறவள் நான். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். தெரியாமல் எழுதுகிறவளின் சாட்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. குறைபாடு எதுவும் காணப்படவில்லை என்று எழுதி, கீழே அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அண்ணனும் போட்டார். கையெழுத்துப் போடு என்றால் போட்டுத்தானே பழக்கம். கார் கிளம்பும்போது தணிகைவேல் கண்ணாடியை இறக்கி, அடுத்த கட்டுரை எப்போது மேடம் என்று கேட்டார். கையில் கல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு எங்காவது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

உள்ளே வந்து முதலில் அக்காமேல்தான் பாய்ந்தேன். "என்னக்கா பண்ணிட்டீங்க? நாலு மாசம்! நாலு மாசம் அந்த மனுஷன்..."

அக்காவுக்கு அப்போதும் புரியவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்ஸ்பெக்ஷன்னு சொன்னாரேம்மா. இன்ஸ்பெக்ஷனுக்கு அழுக்கா எப்பிடிக் குடுக்கிறது? ஒரு ஆபீசர் கையில நாய்க் காலத் தொடச்ச துணிய அப்பிடியேவா குடுப்பாங்க? அவரு வந்து மாத்திர போட்டுகினு தூங்கினப்புறம், ராத்திரிபூரா சமையல்கட்டுல குந்திகினு தேச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். முகம் மாறியது. அப்புறம் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவள ஒண்ணும் சொல்லாத," என்றார் அண்ணன். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "இருவத்தாறு வர்ஷமா எங்க ரெண்டு பேருக்கும் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆள் வந்தா தொவச்சிடு, ஆள் வந்தா ஃபேன போட்டுடு. நான் எத்தினி ஆடிட்டுக்குத் தொவச்ச சட்டயோட நின்னு, எல்லாம் கரெக்டா கீது சார்னு சொல்லியிருப்பேன். அவ இன்னா புச்சாவா பண்ணிட்டா?"

அந்தக் கம்பெனி ஒரு மனிதனின் புருவத்தையும் நுரையீரலையும் எடுத்துக்கொண்டது தெரியும். அவர் மனைவியின் கையைக்கூட இப்படிப் பழக்கி வைத்திருக்கும் என்று தெரியாது. அக்காவைத் திட்டிய என் வாய் மட்டும் என்ன சுத்தம்? அவர் துணியைத்தான் வெளுத்தார், நான் புகையையே வெளுத்துப் பத்திரிகையில் போட்டேன். அவருக்காவது ஒரு நாள் ராத்திரி வேலை, எனக்கு நாலு வருடம்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குக் கல்வெர்ட்டில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல்களும். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்திருந்தார்கள். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து மானேஜரின் கயிற்றை என் கையில் கொடுத்தார். இன்னொரு கையில் தேய்த்து மடித்த துணி ஒன்று, முதல் துணி, ஆடி மாதத் தேதி போட்டது.

"இனிமே நீயே தொடைச்சி எடுத்துகினு வா. கீழ எடம் இருக்குது, புது தேதி போட்டுக்கலாம்னு சொல்றாரு. நான் தொடமாட்டேம்மா. சத்தியமா தொடமாட்டேன்."

இரண்டு நாய்களோடு நடந்தேன். சுவரோரம் அந்த வெள்ளைத் திரை அப்படியே நின்றது. ஆய்வு முடிந்த தைரியம், முன்னைவிட அடர்த்தி. மூச்சை இழுக்காமல் நடக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. டீக்கடையில் இரண்டு பொறை வாங்கிப் போட்டேன். கடைக்காரரின் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து மானேஜரின் நாலு காலையும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துணி கறுத்தது. பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மிளகின் காலைத் துடைத்தேன். துணியின் மறுபக்கமும் கறுத்தது. தினமும் என் கட்டிலின் கால்மாட்டில் படுக்கிற நாய் அது.

திரும்பி வந்தபோது சாத்திய ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். துணியைக் கண்ணாடிக்கு நேராக விரித்துக் காட்டினேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அப்புறம் கண்ணாடியில் வாயை வைத்து ஏதோ கேட்டார். கேட்கவில்லை என்று சைகை காட்டினேன். இருமிவிட்டு, மறுபடி சத்தமாகக் கேட்டார்.

"பொறய எந்தக் கால்ல புடிச்சான்?"

நான் பார்க்கவில்லை. கரி எவ்வளவு என்று பார்க்கக் குனிந்தவள், அதைப் பார்க்கவே இல்லை. பொய் சொல்லலாம், லெஃப்ட்டு என்று ஒரு வார்த்தை. இந்த மூன்று வருடத்தில் பார்க்காததையெல்லாம் பார்த்ததாக நான் எழுதியிருக்கிறேன், இதையும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"பாக்கலண்ணா," என்றேன்.

அவர் கண்ணாடியில் படிந்த தன் மூச்சைக் கையால் துடைத்தார்.

"நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார்.